எல்லா மாணவர்களும் அதே ஒரு 'எஸ்'ஸை விடுகிறார்கள். திருத்திக்கொண்டே இருக்கலாமா?

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம். இணையத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போதைய குழுவில் ஸ்பானிஷ், அரபு, கொரிய மொழி, வியட்நாமியம், தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பி1 நிலை, அதாவது நடுத்தர நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு காரணத்தோடு வந்திருக்கிறார்கள், எல்லோருமே உழைக்கிறவர்கள்.

என்னை வாட்டுவது ஒரே ஒரு விகுதி. 'ஷி ஒர்க்ஸ்' வர வேண்டிய இடத்தில் 'ஷி ஒர்க்' வருகிறது. விதியைக் கேட்டால் உடனே சொல்கிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் தவறே இல்லை. 'உங்கள் தங்கையைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே எஸ் காணாமல் போய்விடுகிறது.

தாய்மொழிதான் காரணம் என்று எனக்குச் சொல்லித்தந்தார்கள். ஆனால் அது ஒத்துவரவில்லை. கொரிய மொழியிலும் வியட்நாமியத்திலும் ஆளுக்கேற்ப வினை மாறாது, சரி. ஸ்பானிஷிலும் அரபிலும் மாறுகிறதே. நம் தமிழில் வருகிறேன், வருகிறாய், வருகிறாள் என்று ஒவ்வொருவருக்கும் தனி விகுதி இருக்கிறது. இத்தனை விகுதிகளைப் பிறந்தது முதல் கையாளும் ஒருவர் ஆங்கிலத்தின் ஒற்றை எஸ்ஸை ஏன் விட வேண்டும்?

இன்னொன்று, இதை ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டுமா? ஒருவர் தன் அம்மாவின் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது விகுதிக்காக நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நிறுத்தாவிட்டால் வேலையைச் செய்யாதது போல இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெடுங்கணக்கு எழுதியது:

நீங்கள் பார்ப்பதை ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வரும் விஷயம் இது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளிடமிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்க உளவியலாளர் ராஜர் பிரவுன் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்து, 14 இலக்கணக் கூறுகள் எந்த வரிசையில் அவர்களுக்கு வசமாகின்றன என்று 1973இல் வெளியிட்டார். 'இங்' விகுதி முதலில் வருகிறது. பன்மையின் எஸ் சீக்கிரமே வந்துவிடுகிறது. உடைமையைக் காட்டும் எஸ் அதற்கு அப்புறம். வினையின் எஸ்ஸுக்கு வரிசையின் பிற்பகுதியில்தான் இடம். மூன்றிலும் ஒலி ஒன்றே. வீட்டில் நாள் முழுக்க எல்லோரும் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த குழந்தைகள் இவர்கள்!

அடுத்த ஆண்டே டூலே, பர்ட் இருவரும் ஸ்பானிஷும் சீன மொழியும் பேசும் குழந்தைகள் ஆங்கிலம் கற்பதைப் பார்த்தார்கள். இரு குழுவும் ஏறக்குறைய ஒரே வரிசையில் போயின. அதே 1974இல் பெய்லி, மேடன், கிராஷன் மூவரும் பல தாய்மொழிகளைச் சேர்ந்த பெரியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். அங்கும் வினையின் எஸ் பின்னால்தான் நின்றது. தாய்மொழிக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். ஜப்பானிய, கொரிய, சீன மொழி பேசுகிறவர்களுக்கு ஆர்ட்டிகிளும் ('எ', 'தி' போன்றவை) பன்மையும் மற்றவர்களைவிடத் தாமதமாகின்றன, உடைமை எஸ் சீக்கிரம் வருகிறது. ஆனால் நீங்கள் கேட்கும் இந்த எஸ் கிட்டத்தட்ட எல்லோருக்குமே கடைசியில்தான் கைவருகிறது.

ஏன் என்பதற்கு மொழியியலாளர் மான்ஃப்ரெட் பீனமன் தரும் விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பன்மை எஸ்ஸைப் போட, அந்தப் பெயரையும் அதை ஒட்டி நிற்கும் சொற்களையும் கவனித்தால் போதும். வினையின் எஸ்ஸைப் போடுவதற்கு, எழுவாய் ஒருமையா, படர்க்கையா என்ற செய்தியை மனத்தில் தூக்கி வைத்துக்கொண்டு, வாக்கியத்தின் இன்னொரு பகுதிக்குப் போய் அங்கே இறக்க வேண்டும். அதுவும் பேசும் வேகத்தில், அடுத்து என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே. கோடிட்ட இடத்தை நிரப்பும்போது இந்தச் சுமை இல்லை. வாக்கியம் முன்னாலேயே எழுதிக் கிடக்கிறது, யோசிக்க நேரமும் இருக்கிறது. அதனால்தான் உங்கள் மாணவர்கள் தாளில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டுப் பேச்சில் விடுகிறார்கள். விதியை அறிந்திருப்பதும், பேச்சோட்டத்தில் அது தானாக வருவதும் தனித்தனி வேலைகள்.

தமிழைப் பற்றிக் கேட்டீர்களே, எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. 'நாளைக்கு வருகிறாள்' என்றால் முழு வாக்கியம். யார் என்பதை விகுதியே சொல்லிவிடுகிறது, 'அவள்' இல்லாமலே ஓடும். நம் விகுதிக்கு வேலை இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஷி' இல்லாமல் வாக்கியம் நிற்காது. 'ஷி' வந்த பிறகு எஸ் புதிதாக எதையும் சொல்வதில்லை. ஆக, தமிழர் மனம் இத்தனை காலம் விகுதியில் தேடிய செய்தி ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தலையிலேயே கிடைத்துவிடுகிறது. வால் பக்கம் பார்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை. ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன், அவர்களும் எழுவாயைத் தாராளமாக விடுகிறவர்கள்.

இதில் பொருள் கெடுவதில்லை என்பதற்கு ஆங்கிலேயர்களே சாட்சி. இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் பகுதிகளின் பழைய வட்டார வழக்கில் 'ஷி கோ' என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்குள் எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

எனவே அறுவை சிகிச்சைக் கதையை நிறுத்த வேண்டாம். மொழி என்ற ஒன்று மனிதனுக்கு இருப்பதே அந்தக் கதையைச் சொல்லத்தான்.

தேர்வறை எழுதியது:

நெடுங்கணக்கு அண்ணா சொன்ன ஆய்வுகளை நானும் மதிக்கிறேன். ஆனால் 'தானாக வரும், விட்டுவிடுங்கள்' என்று யாராவது இதைப் படித்துக்கொண்டால் மாணவர்களுக்கு நஷ்டம்.

நான் தேர்வுக்குத் தயார்செய்கிறவன். என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு மதிப்பெண் குறைந்தால் விசா தள்ளிப்போகும். நார்ஃபோக் விவசாயி எஸ்ஸை விட்டால் அது வட்டார வழக்கு, என் மாணவர் விட்டால் அது பிழை. இந்த அநியாயத்தை மாற்ற வேண்டும், நிச்சயமாக. ஆனால் அது மாறும்வரை என் மாணவர் காத்திருக்க முடியாது.

அப்புறம், கேட்டுக்கொண்டே இருந்தால் வந்துவிடும் என்பதற்கு எதிரான சான்றும் இருக்கிறது. கனடாவில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் படிக்கும் வகுப்புகள் உண்டு. ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சு கேட்டு, புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக் குழந்தைகளை நெருங்கிவிட்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் பின்தங்கியே இருந்தது. மெரில் ஸ்வெயின் 1985இல் இதைச் சொல்லி, கேட்டால் மட்டும் போதாது, தானே பேசியும் எழுதியும் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார்.

அதே மாதிரி வகுப்புகளில் ஆசிரியர்கள் எப்படித் திருத்துகிறார்கள் என்று லைஸ்டர், ராண்டா 1997இல் எழுதினார்கள். பாதிக்கும் மேற்பட்ட திருத்தங்கள் ஒரே வகை. மாணவர் தவறாகச் சொன்னதை ஆசிரியர் சரியான வடிவில் திரும்பச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மாணவர் அதற்குப் பிறகு தன் வாக்கியத்தைச் சரிசெய்தது அந்த வகையில்தான் மிகக் குறைவு. அவர் 'ஷி ஒர்க் இன் எ பேங்க்' என்கிறார், நீங்கள் 'ஓ, ஷி ஒர்க்ஸ் இன் எ பேங்க்' என்கிறீர்கள், அவர் 'யெஸ்' என்று தலையாட்டிவிட்டுத் தொடர்கிறார். தான் சொன்னதை நீங்கள் ஆமோதித்தீர்கள் என்றுதான் அவருக்குப் படுகிறது. மாறாக 'ஷி...?' என்று இழுத்து நிறுத்துங்கள். அவரே தேடி எடுக்கட்டும்.

மெய்யொலி எழுதியது:

ஒலிப்பு மட்டும் கற்பிக்கிறவள் நான். எல்லோருடைய எஸ்ஸும் ஒரே காரணத்துக்காக விழுகிறது என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள்.

வியட்நாமியத்தில் சொல்லின் கடைசியில் எஸ் ஒலி வராது, இரண்டு மெய்கள் சேர்ந்தும் முடியாது. அந்த மாணவர் 'பாக்ஸ்', 'சிக்ஸ்' என்பதை எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். அவற்றில் எஸ் விகுதி இல்லை, சொல்லின் உடம்பே அது. அங்கும் எஸ் விழுந்தால் அது வாயின் சிக்கல், அதற்கு இலக்கணப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. 'டூ குக்ஸ்' என்று பன்மையில் நன்றாகச் சொல்லிவிட்டு 'ஷி குக்' என்கிறாரா? அப்போது வாய் சரி, நெடுங்கணக்கு சொன்ன சுமைதான் காரணம்.

வாயின் சிக்கல் என்றால் அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்குகிற வாக்கியங்களைக் கொடுங்கள். 'ஒர்க்ஸ் இன்' என்பதில் எஸ் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். தனியாக நிற்கும் 'ஒர்க்ஸ்'ஸைவிட இது எளிது.

மாலைவகுப்பு எழுதியது:

மூவருக்கும் நன்றி. சோதனையைச் செய்து பார்த்தேன். வியட்நாமிய மாணவருக்கு 'பாக்ஸ்', 'சிக்ஸ்' இரண்டிலுமே எஸ் விழுகிறது. மற்ற நால்வருக்கும் 'டூ குக்ஸ்' சுத்தமாக வருகிறது, வினையில் மட்டும்தான் போகிறது. இத்தனை நாள் ஐவருக்கும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தோமே என்பதை விடுங்கள், இனி இரண்டு தாள்.

இந்தப் பேச்சை வகுப்பிலும் கொஞ்சம் பகிர்ந்தேன். கொரிய மாணவர், நாற்பதைக் கடந்தவர், ஒன்று கேட்டார்: இந்த வயதில் என்னால் முடியுமா, கதவு மூடிவிட்டதா? அவருக்குப் பொய் சொல்ல நான் விரும்பவில்லை. என்ன சொல்லலாம்?

நெடுங்கணக்கு எழுதியது:

அவருக்கு உண்மையையே சொல்லலாம், அது அவ்வளவு கசப்பாக இல்லை.

ஹார்ட்ஷோர்ன், டெனன்பாம், பிங்கர் மூவரும் 2018இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். இணையத்தில் ஆங்கில இலக்கண வினாக்களுக்கு விடையளித்த சுமார் 6,70,000 பேரின் தரவு. இலக்கணம் கற்கும் திறன் 17, 18 வயது வரை ஏறக்குறைய குறையாமல் இருந்து அதன்பின் சரிகிறது என்பது அவர்களின் முடிவு. அந்தக் கணக்கிடும் முறையை மறுக்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும், சரிவது கற்கும் வேகம். பெரியவர்கள் கற்றுக்கொண்டேதான் இருக்கிறார்கள், சொல்வளமோ வயது ஏற ஏறக் கூடுகிறது. தாய்மொழிக்காரரைப் போலவே பேச வேண்டும் என்பது அவருடைய இலக்கானால் அது மிகக் கடினம் என்று நேராகச் சொல்லுங்கள். புரியும்படி பேச வேண்டும் என்றால், இன்று ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அவரைப் போல அதைப் பிறகு கற்றவர்கள்தான். அவர் பேசப் போவதும் பெரும்பாலும் அவர்களோடுதான்.

தேர்வறை சொன்ன திருத்தும் முறையை நான் ஏற்கிறேன். எப்போது என்பதில் மட்டும் ஒரு வார்த்தை. பீனமன் 1984இல் ஜெர்மன் கற்கும் இத்தாலியக் குழந்தைகளிடம் ஒரு வாக்கிய அமைப்பைக் கற்பித்துப் பார்த்தார். அதற்கு முந்தைய படியில் இருந்த குழந்தைக்கு அது ஏறியது, இன்னும் பின்னால் இருந்த குழந்தைக்கு ஏறவில்லை. உங்கள் குழுவில் யாராவது எப்போதாவது தானாகவே எஸ் போடுகிறாரா, கவனியுங்கள். பத்தில் இரண்டு முறை போட்டாலும் போதும், அவர் பக்கத்தில் வந்துவிட்டார், அவரை 'ஷி...?' என்று இழுத்து நிறுத்துவது வீணாகாது. ஒருமுறைகூடப் போடாதவரிடம் இப்போதைக்கு அதை விட்டுவிட்டுப் பன்மையையும் கேள்வி வாக்கியங்களையும் பாருங்கள்.

கதை சொல்லும்போது குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கதை முடிந்து, கேட்டவர்கள் அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்து முடித்த பிறகு, அவருடைய இரண்டு வாக்கியங்களைத் திரையில் போட்டு அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அதே கதையை இன்னொரு மாணவருக்கு மறுபடி சொல்லச் சொல்லுங்கள். இரண்டாம் முறை என்ன சொல்வது என்று தேட வேண்டியதில்லை, அந்த நேரம் விகுதிக்குக் கிடைக்கும்.

மாலைவகுப்பு எழுதியது:

தமிழ் மாணவரும் அரபு மாணவரும் சில சமயம் போடுகிறார்கள், குறிப்பாக 'ஷி லைக்ஸ்', 'ஹி நோஸ்' போல அடிக்கடி வரும் வினைகளில். அவர்களிடமிருந்து தொடங்குகிறேன். கதையை இரண்டு முறை சொல்ல வைப்பதை வியாழக்கிழமை வகுப்பில் செய்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.