மறு: பிளாங்கிங் இன்டர்வல் – ‘இருளிடை’ சரிவருமா?

வணக்கம். ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறு கணிப்பலகையில் நான் எழுதும் தமிழ் பேசிக் நிரல்மொழிக்காக, ‘பிளாங்கிங் இன்டர்வல்’ என்பதற்குச் சொல் தேடுகிறோம். திரையில் ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு முழுப் படத்துக்கும் பிறகு, படம் போகாத சிறு இடைவெளி அது.

> ஒரு வரி வரைந்துவிட்டுக் கற்றை திரும்பும் நேரம்தானே? ‘மீள்நேரம்’ போதுமே.

போதாது அண்ணா. பிக்சர் டியூபில் எலக்ட்ரான் கற்றை திரும்பியது, சரி. எல்சிடி மானிட்டரில் எது திரும்புகிறது? எச்டிஎம்ஐ-யிலும் அந்த இடைவெளி இருக்கிறது. ஒலி அதில்தான் ஏறிப்போகிறது.

கற்றை திரும்புவதைத் தறியில் நாடா திரும்புவதோடு ஒப்பிட்டீர்களே, அந்த உவமையும் எனக்கு இடிக்கிறது. அம்மாப்பேட்டையில் பெரியப்பா தறிக்குழியருகே வளர்ந்தவன் நான். நூலை ஏற்றிச்செல்லும் நாடா இந்தப் பக்கம் போனாலும் ஊடை (குறுக்கு நூல்), அந்தப் பக்கம் வந்தாலும் ஊடை. சும்மா திரும்பாது. திரையில் வரையப்படும் ஒவ்வொரு வரிக்கும், அதாவது ஸ்கேன் லைனுக்கு, ‘ஊடைவரி’ என்றால் ஒத்துக்கொள்வேன். இதற்கு ஆகாது.

திரைக்கு எந்த வெளியீடு என்று கேட்டிருந்தீர்கள். விஜிஏ, கணினி மானிட்டரின் பழைய இணைப்பு. பழைய டிவியின் மஞ்சள் வீடியோ பின்னில் 80 எழுத்து வரி கொழகொழத்துவிடும். டிஎம்எஸ்9918 என்ற பழைய வீடியோ சிப் மேல் ஆசைதான், ஆனால் வரிக்கு எழுத்து 40-ஐத் தாண்டாது. பிக்கோவில் 264 கேபி நினைவகம். 640×480-க்குப் புள்ளிக்கு 4 பிட் வைத்தால் 1,53,600 பைட், அடங்குகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு 270 ஓம் ரெசிஸ்டர், மானிட்டருக்குள் இருக்கும் 75 ஓமோடு சேர்ந்து 3.3 வோல்ட்டை 0.7-க்கு இறக்கிவிடும். எட்டு நிறம் போதும்.

சூடு பட்டது அதற்குப் பிறகுதான். அந்தக்கால வீட்டுக் கணினி மாதிரி நீல ஓரம் வேண்டுமென்று, வரி முழுக்க நீலத்தை ஏற்றிவிட்டேன். ஒரு வரி 800 துடிப்பு. அதில் படம் 640, மிச்சம் 160 இருட்டாக இருக்கவேண்டும். அங்கேயும் நீலம் போய்விட்டது. திரையில் நீலத்தையே காணோம், வெள்ளை எழுத்தெல்லாம் மஞ்சள்! கேபிள் என்று நினைத்து இரண்டு கேபிள் மாற்றினேன். புது வரி தொடங்கச் சொல்லும் ஒத்திசைவுத் துடிப்பு முடிந்ததும் வரும் ‘பேக் போர்ச்’ என்ற இருட்டுத் துண்டில்தான் மானிட்டர் ‘இதுதான் கறுப்பு’ என்று அளவெடுக்கிறது. நான் அங்கே நீலத்தை வைத்ததால் நீலமே கறுப்பாகிவிட்டது. அந்த நேரத்தின் வேலையே இருட்டாக இருப்பது. அதனால்தான் ‘இருளிடை’.

(ஒத்திசைவுத் துடிப்புக்கு முன்னால் வரும் துண்டு ‘ஃப்ரண்ட் போர்ச்’. போர்ச்சுக்குத் திண்ணை. முன்திண்ணை சரி, பின்திண்ணை உள்ள வீட்டை நான் பார்த்ததில்லை. பேக் போர்ச்சுக்குப் ‘புழக்கடை’ என்று வைத்தால் சிரிப்பீர்களா?)

> அகராதியில் ‘வெறுமையாக்க இடைவெளி’ என்று இருக்கிறதே?

அகராதிக்குச் சரி. நான் எழுதும் தமிழ் பேசிக்கில் இது ஒரு கட்டளை. ஒரு படம் முடிந்ததும் வரும் செங்குத்து இருளிடை மொத்தம் 525-இல் 45 வரி, ஏறக்குறைய 1.4 மில்லிவிநாடி. அதற்குள் படத்தை நகர்த்தினால்தான் பாதி பழையதும் பாதி புதியதுமான கிழிசல் தெரியாது. பையன்கள் ஒவ்வொரு சுற்றிலும் ‘வெறுமையாக்க இடைவெளி’ என்று தட்டுவார்களா?

10 இருளிடை
20 நகர்த்து பந்து, 2, 0
30 செல் 10

இப்படித்தான் வைத்திருக்கிறேன். ‘கருவிடை’யும் யோசித்தேன், கரு என்றதும் வேறு நினைப்பு வருகிறது. இதைவிடக் குறுகிய சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதற்குமேல் குறிச்சொல் பட்டியலை மாற்றமாட்டேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து