கான்ஜூர் அனிமல்ஸ்: எட்டு ஓநாய் கேட்டா எட்டு தவளையா?

ஓநாய்க்காரன்:
நேத்து இங்க ஒரு மகான் எழுதியிருந்தார், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துல மிருகங்கள வரவழைக்கற ஸ்பெல் (மந்திரம்) கான்ஜூர் அனிமல்ஸ் இருக்கே, அதுல ப்ளேயர் எண்ணிக்கைய மட்டும்தான் சொல்லலாமாம், என்ன மிருகம்னு டிஎம் (ஆட்டத்த நடத்தறவர்) தான் முடிவு பண்ணுவாராம், ரூல் தெளிவா இருக்காம். தெளிவா இருந்தா 2014 ரூல்புக் வந்த நாள்ல இருந்து டேபிளுக்கு டேபிள் எதுக்கு சாமி அடிச்சுக்கறோம்? புக்ல இருக்கறது இதுதான்: என்ன தோன்றணும்ங்கறதுக்கு கீழ இருக்கறதுல ஒண்ண தேர்ந்தெடு. என்ன தோன்றணும். தேர்ந்தெடு. யார பாத்து சொல்லுது, ஸ்பெல் போடறவன பாத்துதானே? நான் ஆடறது லெவல் 5 ட்ரூயிட் (காட்டு மந்திரவாதி), இந்த ஸ்பெல்லுக்கு வேண்டிய மூணாம் லெவல் ஸ்லாட்டே (ஸ்பெல் போடற வாய்ப்பு) மொத்தம் ரெண்டுதான், அதுல ஒண்ண செலவு பண்ணி எட்டு ஓநாய் கேட்டா எங்க டிஎம் ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு எட்டு தவளைய வைக்கறார். தவளைக்கு அட்டாக்கே கிடையாது. எட்டும் எதிர்ல நின்ன ஓகர் ராட்சசன் காலடில உக்காந்து கத்திட்டு இருந்துச்சு.

டைஸ்தாத்தா:
அந்த மகான் நான்தான், வணக்கம். ஆப்ஷன் நாலு. சிஆர், அதாவது மிருகத்தோட பலத்துக்கான மார்க், 2 வரைக்கும்னா ஒரு மிருகம், 1 வரைக்கும்னா ரெண்டு, அரைன்னா நாலு, கால்னா எட்டு. அந்த நாலுல ஒண்ணத்தான் தேர்ந்தெடுக்க சொல்லுது. ஓநாய்ங்கற வார்த்தை அந்த ஸ்பெல்ல எங்க இருக்குன்னு காட்டுங்க. மிருகத்தோட ஸ்டாட்ஸ் டிஎம் கிட்ட இருக்கும்னு கடைசி வரி இருக்கே, அதையும் படிக்கலாம். எழுதினவங்களே சேஜ் அட்வைஸ்ங்கற ரூல் கேள்வி-பதில்ல சொல்லிட்டாங்க, ஆப்ஷன் உங்களுது, மிருகம் டிஎம்முது. கதை முடிஞ்சது.

ஓநாய்க்காரன்:
ஸ்டாட்ஸ் டிஎம் கிட்ட இருக்குன்னா மிருகங்களோட விவரம் இருக்கற மான்ஸ்டர் மேனுவல் புக் அவர் கைல இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். சாவி வாட்ச்மேன் கிட்ட இருந்தா வீடு வாட்ச்மேனுக்கு சொந்தமா? சேஜ் அட்வைஸ பத்தி பேசாதீங்க. புக்ல எழுத மறந்தத அப்புறமா வந்து சொன்னா அதுக்குப் பேர் ரூல் இல்ல, சமாளிப்பு. என்ன தோன்றணும், தேர்ந்தெடு. இந்த வரிக்கு நேரா பதில் சொல்லுங்க.

மந்திரப்பை:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. 2017ல வந்த சானதார்ஸ் கைடுங்கற துணை ரூல்புக்ல சம்மன் லெஸ்ஸர் டீமன்ஸ்னு ஒரு ஸ்பெல் இருக்கு, அதுல டீமன டிஎம் தேர்ந்தெடுப்பார்னு பட்டவர்த்தனமா போட்டிருக்கு.

ஓநாய்க்காரன்:
ஆஹா! கேட்டுக்கங்க தாத்தா. டிஎம் தேர்ந்தெடுக்கணும்னா புக் அத வாய விட்டு சொல்லும். கான்ஜூர் அனிமல்ஸ்ல சொல்லல. அப்போ யாரு? நான்.

டைஸ்தாத்தா:
அதே புக்ல பக்கத்துல சம்மன் க்ரேட்டர் டீமன் இருக்கு, அதுல டீமன் வகைய நீ தேர்ந்தெடுன்னு எழுதியிருக்கு. துணை மிருகத்த வரவழைக்கற ஃபைண்ட் ஃபெமிலியர்லயும் உருவத்த நீயே தேர்ந்தெடுன்னு இருக்கு. ப்ளேயருக்கு குடுக்கணும்னா புக் அதையும் வாய விட்டுத்தான் சொல்லும். பாதி பக்கம் படிக்கறவங்ககிட்ட என்னத்த பேசறது.

ஓநாய்க்காரன்:
2017ல எழுதின ஸ்பெல்ல வச்சு 2014 ஸ்பெல்லுக்கு அர்த்தம் சொல்றீங்களா?

மந்திரப்பை:
இப்ப ரெண்டு நிமிஷம் முன்னாடி நீங்களும் அதத்தான் செஞ்சீங்க.

ஓநாய்க்காரன்:
நான் செஞ்சது வேற.

பூனைபாலடின்:
டேய், அந்த டேபிள்ல நானும் இருந்தேன், முழுசா சொல்லு. தவளை வந்ததுக்கு முன்னாடி மூணு செஷன் எட்டு எட்டு ஓநாயா இறக்கினியே அத ஏன் விட்டுட்ட? பேக் டாக்டிக்ஸ் (கூட்டமா அடிக்கற திறமை) இருக்கறதால ஒவ்வொரு ஓநாய்க்கும் ரெண்டு டி20 (20 பக்க டைஸ்), அப்போ ஒரு ரவுண்டுக்கு 16 உருட்டல், அப்புறம் ஒவ்வொரு கடிக்கும் எதிரி விழுந்தானா இல்லையான்னு டிசி 11 ஸ்ட்ரெங்த் சேவ் (11 தொடணும்னு ஒரு தடுப்பு உருட்டல்), நடுவுல நீ டைஸ கீழ வேற போட்டு மேஜைக்கு அடில தேடுவ, ஏழாவது ஓநாய் அடிச்சிருச்சா இல்லையான்னு மறந்து போய் மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிப்ப. என் டர்ன் வர்றதுக்குள்ள என் போன்ல சார்ஜே போயிடுச்சு. ஒரு கடில சேதம் சராசரி 7, எட்டும் பட்டா 56. ஃபயர்பால் ஸ்பெல்லே 28 தான்டா சராசரி!

ஓநாய்க்காரன்:
ஃபயர்பால் ஒரே நேரத்துல பத்து பேர எரிக்கும், அத சொல்ல மாட்ட. ஓநாய்க்கு ஏசி (அடி படாம தடுக்கற அளவு) 13, ஹெச்பி (உயிர்) 11, எதிரி ஒரு ஃபயர்பால் போட்டா எட்டும் காலி, அதையும் சொல்ல மாட்ட. உனக்கு இன்னும் அந்த குதிர கோவம் தீரல, அதானே?

பூனைபாலடின்:
ஆமா தீரல. என் குதிர நின்ன கட்டத்துல முள் முளைக்கற ஸ்பைக் க்ரோத் ஸ்பெல்ல போட்டது யாரு?

ஓநாய்க்காரன்:
எடத்த மாத்துன்னு மூணு தடவ சொன்னேன். அத விடு, இப்ப கேள்வி என்ன, தேர்ந்தெடுங்கறது யாருக்கு? இதுக்கு ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க.

டைஸ்தாத்தா:
நாலு தடவ சொல்லியாச்சு. ப்ளேயரே தேர்ந்தெடுக்கலாம்னா காட்டு தேவதைகள வரவழைக்கற கான்ஜூர் வுட்லேண்ட் பீயிங்ஸ யோசிங்க. அதுலயும் இதே வரிதான். எட்டு பிக்ஸி (குட்டி தேவதை), ஒவ்வொண்ணும் ஒரு பாலிமார்ஃப் (உருவத்த மாத்தற ஸ்பெல்) போடும். லெவல் 7 பார்ட்டி மொத்தமும் ஆளுக்கொரு ராட்சதக் குரங்கா நிக்கும். இதத்தான் ரூல்ங்கறீங்களா?

ஓநாய்க்காரன்:
ஸ்பெல் பலமா இருக்குங்கறது வேற, என்ன எழுதியிருக்குங்கறது வேற. பயமா இருந்தா டிஎம் பயமா இருக்குன்னு சொல்லட்டும், புக் அப்படி சொல்லுதுன்னு எதுக்கு புருடா விடணும்?

புதுவரவு:
வணக்கம் எல்லாருக்கும், நான் புதுசு. 2024 புக்ல இந்த ஸ்பெல்ல மாத்திட்டாங்களே? தனித்தனி மிருகமே கிடையாது, ஆவிக்கூட்டம் ஒண்ணா வரும், பக்கத்துல வந்தவங்க டெக்ஸ் சேவ் (தப்பிக்கற உருட்டல்) போடணும், தோத்தா 3டி10 (மூணு 10 பக்க டைஸ்) சேதம். அப்ப சண்டையே இல்லையே?

ஓநாய்க்காரன்:
தம்பி, நாங்க 2014 ரூல் பேசிட்டு இருக்கோம். ஓநாய் மாதிரி ஒரு புகை வந்து போறதுக்கு நான் எதுக்கு ட்ரூயிட் ஆடணும்?

பூனைபாலடின்:
எட்டு ஓநாய்க்கு அந்தப் புகை எவ்வளவோ மேல்.

டைஸ்தாத்தா:
மாத்தினதே தப்பா புரிஞ்சுக்கறவங்க தொல்ல தாங்காமத்தான்.

ஓநாய்க்காரன்:
பாத்தீங்களா, தாத்தாவே ஒத்துக்கிட்டார்! தெளிவா இருந்த ரூல எவனாவது மாத்துவானா?

டைஸ்தாத்தா:
நான் எதையும் ஒத்துக்கல. என் டேபிளுக்கு வந்து இந்த ஸ்பெல்ல போட்டுப் பாருங்க. எட்டு கடல்குதிர தர்றேன், சிஆர் 0, ரூல்படி சரியா இருக்கும். நடுக்காட்டுல.

மந்திரப்பை:
கடல்குதிர தண்ணிக்குள்ள மட்டும்தான் மூச்சு விடும்.

டைஸ்தாத்தா:
தெரியும்.

ஓநாய்க்காரன்:
இப்படிப்பட்ட டிஎம் டேபிள்ல உக்காரறதுக்கு நான் சும்மாவே இருப்பேன். என்ன தோன்றணும். தேர்ந்தெடு. இன்னும் பதில் வரல.

பூனைபாலடின்:
குதிரைக்கும் இன்னும் பதில் வரல.