ஒரே கார், எனக்கு ஒரு விளம்பரம், தம்பிக்கு வேறு விளம்பரம். ஏன்?

மதுரைக்காரி:

நானும் தம்பியும் ஒரே சமயத்தில் கார் தேட ஆரம்பித்தோம், ஒரே மாடலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதிலிருந்து இன்ஸ்டாகிராமில் அவனுக்கு வருவதெல்லாம் டர்போ எஞ்சின், மைலேஜ், மலைப்பாதையில் வளைந்து ஏறும் வீடியோ. எனக்கு வருவதில் ஒரு பெண் சன்ரூஃபைத் திறந்து கூந்தலைப் பறக்க விடுகிறார், பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடுகிறார், கண்ணாடியில் லிப்ஸ்டிக் சரிபார்க்கிறார், அவ்வளவுதான். எஞ்சின் எத்தனை சிசி, ஏர்பேக் எத்தனை, டிக்கியில் எவ்வளவு சாமான் வைக்கலாம், ஒன்றும் கிடையாது. கம்பெனியே ஆண் பெண் என்று பிரித்து அனுப்புகிறதா, இல்லை இன்ஸ்டாகிராம் தானாகச் செய்கிற வேலையா? பெண்களுக்கென்று எடுத்த கார் விளம்பரத்தில் உருப்படியாக ஏதாவது வந்திருக்கிறதா? (ஷோரூமிலும் "சார் வரலையா மேடம்" என்றுதான் ஆரம்பித்தார்கள், அது தனிக் கதை.)

பட்ஜெட் தீர்ந்தது:

எனக்கு டிஜிட்டல் விளம்பர வேலைதான். ரெண்டும் நடக்கிறது மேடம். இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் மெட்டா கம்பெனியுடையவை, அதில் விளம்பரம் போடும்போது வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர் எல்லாம் தேர்ந்தெடுக்கலாம். ஒரே காருக்கு நாலைந்து வீடியோ எடுத்து ஆளுக்குத் தகுந்த மாதிரி விடுவது சாதாரணம்.

ஆனால் அந்த இடத்தை நாங்கள் தொடாமல் விட்டாலும் பிரிந்துதான் போகும், அதுதான் பலருக்குத் தெரியாது. 2019-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆட்கள் இன்னும் சிலரோடு சேர்ந்து, ஃபேஸ்புக்கில் சொந்தக் காசு கட்டி விளம்பரம் போட்டுப் பார்த்தார்கள். யாருக்குக் காட்டவேண்டும் என்பதில் ஒரு வித்தியாசமும் வைக்கவில்லை. அப்படியும் மரம் வெட்டும் தொழிலுக்கான வேலை விளம்பரம் போய்ச் சேர்ந்தவர்களில் சுமார் 90 சதவீதம் ஆண்கள், சூப்பர் மார்க்கெட் கேஷியர் வேலை விளம்பரம் போனவர்களில் சுமார் 85 சதவீதம் பெண்கள். படத்தையும் வரியையும் வைத்து, யார் கிளிக் செய்வார்கள் என்று சிஸ்டம் கணக்குப் போட்டுவிடுகிறது. உங்கள் கூந்தல் வீடியோவை முதலில் கொஞ்சம் பெண்கள் நின்று பார்த்திருப்பார்கள், அப்புறம் அது பெண்கள் பக்கமே ஓடும். அமெரிக்காவில் வேலை, வீடு, கடன் விளம்பரங்களை ஆண் பெண் பார்த்துப் பிரிக்க மெட்டா விடுவதில்லை. இதில் கார் லோன் அடங்கும், கார் அடங்காது!

பழைய பியட்:

நிறம், அழகு என்று காட்டினால் என்ன தப்பு? விற்கிறதே. சீனாவில் வூலிங் ஹோங்குவாங் மினி என்று ஒன்று 2020-ல் வந்தது, 3 மீட்டர் நீளம்கூட இல்லாத எலக்ட்ரிக் பொட்டி. அடுத்த வருடமே மகரோன் என்று பேர் வைத்து வெளிர் பச்சை, மஞ்சள், ரோஸ் நிறங்களில் இறக்கினார்கள். இளம்பெண்கள் வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே பொம்மை வைத்து போட்டோ போட, கம்பெனிக்குப் பாதி விளம்பரம் ஓசியில் நடந்தது. 2021-ல் மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் வண்டி போயிருக்கிறது.

ரெண்டாவது கியர்:

பியட் அண்ணே, அந்த வண்டி 2020-ல் வந்தபோது ஆரம்ப விலை 28,800 யுவான். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் போடலாம். நிறம் அதற்கு அப்புறம்தான். நிறத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினின் சியட் (SEAT) கார் கம்பெனியைப் பாருங்கள். 2016-ல் காஸ்மோபாலிட்டன் பத்திரிகையோடு சேர்ந்து மீ என்ற சின்ன காரை லண்டனில் காட்டினார்கள், ஹெட்லைட்டுக்கு ஐலைனர் போட்ட மாதிரி வடிவம், சக்கரத்தில் நகை மாதிரி மினுக்கு. ட்விட்டரில் பெண்களே கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

நீங்கள் சொல்கிற வூலிங்கில் முதலில் ஏர்பேக்கே கிடையாது, டிரைவருக்கு ஒன்று மகரோனில்தான் கொடுத்தார்கள். ஆனால் எல்லாரும் பார்த்தது ரோஸ் நிறத்தை.

மதுரைக்காரி, உருப்படியாக ஒன்று கேட்டீர்களே, வோல்வோ 2019-ல் செய்ததைச் சொல்வேன். மோதல் சோதனைக்கு வைக்கிற பொம்மை வழக்கமாகச் சராசரி ஆண் அளவு. பெண் பொம்மை என்று வைப்பது 5 அடிக்கும் குறைவான, 50 கிலோகூட இல்லாத ஒன்று, நடுத்தர உயரப் பெண் கணக்கிலேயே வருவதில்லை. நேருக்கு நேர் மோதலில், பெல்ட் போட்டிருந்தாலும், ஆணைவிடப் பெண்ணுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு 73 சதவீதம் அதிகம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு அதே வருடம் சொன்னது. வோல்வோ தன்னிடம் 40 வருடங்களுக்கு மேலாகச் சேர்ந்த விபத்து ஆராய்ச்சியை எடுத்து மற்ற கம்பெனிகளும் படிக்கலாம் என்று திறந்துவிட்டு, அதையே விளம்பரமாகவும் ஓட்டியது. வியாபாரத் தந்திரம்தான், இருந்துவிட்டுப் போகட்டும். பார்க்கிறவருக்குக் கையில் ஒரு விஷயம் கிடைத்ததா இல்லையா?

தம்மாம் பக்கம்:

சவூதியில் பெண்கள் ஓட்டலாம் என்று 2017 செப்டம்பர் 26 ராத்திரி அரசாணை வந்தபோது நான் அங்கே இருந்தேன். கார் கம்பெனிகள் ட்விட்டரில் உடனே வரிசை கட்டிவிட்டன. ஃபோர்டு கறுப்புப் பின்னணியில் ரியர்வியூ கண்ணாடி மாதிரி ஒரு பெண்ணின் கண்களை மட்டும் காட்டி, டிரைவர் சீட்டுக்கு வாருங்கள் என்றது. வோக்ஸ்வேகன் மருதாணி போட்ட கைகளைப் போட்டது. உலகமே ஆகா என்றது. ஆனால் ஆணை அமலுக்கு வந்தது 2018 ஜூன் 24-ல்தான், அதுவரை எந்தப் பெண்ணும் சட்டப்படி ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அதனால் அந்தப் படங்கள் சவூதிப் பெண்களுக்காகப் போட்டவை என்று எனக்குத் தோன்றவில்லை, வெளியே இருந்து கைதட்டியவர்களுக்காகப் போட்டவை. 2011-லேயே ஓட்டிக் காட்டி யூடியூபில் போட்டு ஜெயிலுக்குப் போனவர் மனால் அல் ஷரீஃப். ஆணை அமலாக ஒரு மாதம் இருக்கும்போது, அதே உரிமைக்குப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் போன்றவர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அதைப் பற்றி ஒரு கார் கம்பெனி ட்வீட்டும் என் கண்ணில் படவில்லை.

நிசான் எடுத்த வீடியோவை மட்டும் ஒப்புக்கொள்வேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண்களுக்கு, சொல்லிக்கொடுக்கப் போவது சொந்த அப்பா, அண்ணன், கணவர் என்று அங்கே வந்த பிறகுதான் தெரியும். வீட்டில் யாரைச் சமாளிக்க வேண்டும் என்று அதை எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ரூமில் அப்போது ஓடிய பேச்சு வேறு, வீட்டுக் கார் ஓட்ட வருகிறவர்களுக்கான ஹவுஸ் டிரைவர் விசா இனி இருக்குமா என்பது.

மதுரைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. என் உயரம் 5 அடி ஒரு அங்குலம், சீட்டை முன்னால் இழுத்தால்தான் கிளட்ச் எட்டும், ஆகவே பொம்மை விஷயம் வயிற்றைக் கலக்குகிறது. சரி, தம்பிக்கு வருகிற விளம்பரம் எனக்கும் வர என்ன செய்வது?

பட்ஜெட் தீர்ந்தது:

விளம்பரத்தின் மேலே மூன்று புள்ளி இருக்கும், அதை அழுத்தி ஏன் இது எனக்கு வருகிறது என்று பாருங்கள், எந்தப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள் என்று ஓரளவு சொல்லும். கூந்தல் வீடியோவை மறைத்துவிட்டு டெஸ்ட் டிரைவ் ரிவியூக்களை முழுசாகப் பாருங்கள், கொஞ்ச நாளில் மாறும். அப்புறம் சீட் உயரம் மாற்றும் வசதி பல சின்ன கார்களில் மேல் வேரியண்டில்தான் இருக்கும், அது எந்த வீடியோவிலும் வராது, கேட்டுவிட்டு புக் பண்ணுங்கள்.