ஜிஐஎல் இருந்தால் த்ரெட் வீணா?

மின்மினி:
“பைத்தானில் ஜிஐஎல் பூட்டு இருக்கும்வரை த்ரெட் வெறும் அலங்காரம்” என்று கரையான் நேற்று எழுதியிருக்கிறார். த்ரெட் என்றால் ஒரே நிரலுக்குள் சேர்ந்து ஓடும் வேலைத் தொடர். ஜிஐஎல் என்பது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் பைத்தான் நிரலை ஓட்டவிடும் பூட்டு. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ப்ளூஸ்கை சமூக வலைத்தளப் பதிவுகளை, அவற்றை உடனுக்குடன் அனுப்பும் ஜெட்ஸ்ட்ரீம் சேவையில் இருந்து இரண்டு த்ரெட் வைத்துத்தான் எடுக்கிறேன். ஒன்று வெப்சாக்கெட்டில் (திறந்தே இருக்கும் இணைய இணைப்பு) வருவதை வாங்கி க்யூவில் (வரிசையில்) போடும். இன்னொன்று அதை எடுத்து எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதும். சாக்கெட்டில் காத்திருக்கும்போது பைத்தான் பூட்டை விட்டுவிடும். எஸ்க்யூலைட் எழுதும்போதும் விட்டுவிடும். இதில் அலங்காரம் எங்கே?

கரையான்:
காத்திருக்கும்போது விடும், சரி. பதிவுகள் வரும் ஜேசன் வடிவத்தைப் பிரிக்கும்போது விடுமா? விடாது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் ஓடும். நான்கு கோர் (செயலிக் கரு) வாங்கி வைத்து ஒன்றை மட்டும் ஓட்டுகிறீர்கள்.

மின்மினி:
சாக்கெட்டில் விடும் என்று ஒப்புக்கொண்டீர்கள் அல்லவா? அப்புறம் ஏன் ஜேசனுக்குத் தாவுகிறீர்கள்?

கரையான்:
தம்பி, காத்திருப்பது ஒரு வேலையா? பிரிப்பதுதான் வேலை. அதற்கு மல்டிபிராசசிங் (வேலையைத் தனித்தனி நிரல்களாகப் பிரித்து ஓட்டுவது) போங்கள்.

தாழை:
இருவரும் பூட்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். க்யூவுக்கு மேக்ஸ்சைஸ், அதாவது அதிகபட்ச அளவு, கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் எல்லையே கிடையாது. எழுதும் த்ரெட் பின்தங்கினால் ரேம் நிரம்பி நிரல் சாகும். கொடுத்தால், க்யூ நிரம்பியதும் வாங்கும் த்ரெட் நின்றுவிடும். கடைசிப் பதிவின் நேரக் குறியைச் சேமித்து வைத்தால், இணைப்பு அறுந்தாலும் சில நொடிகள் பின்னால் போய்த் தொடரலாம். இன்னொன்று, த்ரெட்டுக்கு இழை என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது.

கரையான்:
இழையைத் தறியில் போடுங்கள். இங்கே த்ரெட்தான்.

தாழை:
தறி ஓட்டிய குடும்பம் என்னுடையது. கேலி வேண்டாம்.

மின்மினி:
கரையான் எப்போதும் இப்படித்தான். போன மாதம் என் நிரலைப் பள்ளிப் பாடம் என்றார். நான் மறக்கவில்லை.

கரையான்:
பள்ளிப் பாடம்தான். ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக கமிட் (எழுதியதை உறுதிசெய்து சேமிப்பது) போட்டிருந்தீர்கள். ஐநூறு பதிவுகளைச் சேர்த்து ஒரே கமிட்டில் எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

மின்மினி:
அதை அன்றே மாற்றிவிட்டேன். தம்பி என்று கூப்பிடுவதையும் நிறுத்துங்கள். ஜிஐஎல் இல்லாத பைத்தான் பில்ட் (நிறுவும் தொகுப்பு) 2024 அக்டோபரில் 3.13 பதிப்புடனேயே சோதனைக்கு வந்தது. 3.14இல் அதிகாரபூர்வ ஆதரவும் கிடைத்துவிட்டது. உங்கள் பூட்டுக் கதை பழசு.

கரையான்:
அது தனி பில்ட். சாதாரணமாக நிறுவினால் பூட்டு அப்படியேதான் இருக்கிறது. திரும்பவும் சொல்கிறேன், ஜேசன் பிரிக்கும்போது விடாது.

மின்மினி:
சாக்கெட்டில் விடும்.

தாழை:
மேக்ஸ்சைஸ் எவ்வளவு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

கரையான்:
முதலில் பிரிக்கும் வேலையை நான்கு த்ரெட்டுக்குப் பங்கு போட்டு ஓட்டுங்கள். எத்தனை கோர் உழைக்கிறது என்று படம் பிடித்துப் போடுங்கள். பிறகு பேசலாம்.