அவசர உதவி: எதனோல் கலந்த பிறகு எவோ 7 ஸ்டார்ட் ஆகுதில்ல

மட்டு_எவோ7 | இரவு 9.12
எல்லாருக்கும் வணக்கம். என்ட மிட்சுபிஷி லான்சர் எவோ 7 காருல பெற்றோலோட எதனோல் 30 வீதம் கலந்து ஓடினேன், முந்தநாள் நல்லா இழுத்த. இண்டைக்குக் காலம ஸ்டார்ட் ஆகல்ல. செல்ஃப் அடிச்சு அடிச்சு ஒருமாதிரிப் பிடிச்சுது. செங்கலடி தாண்டி பதுளை றோட்டுல ஏறினதும் விக்கி விக்கி ஓடி நிண்டுத்து. செக் எஞ்சின் லைட்டும் எரியுது. நாளண்டைக்கு வாகனம் வேணும். தெரிஞ்சாக்கள் உடனே சொல்லுங்க.

கல்லடிக்காரன் | 9.20
தம்பி, பாதி விசயத்த விட்டுத்தீங்க. எதனோல் எத்தனை வீதச் சுத்தம்? கலந்தது 92 ஒக்டேன் பெற்றோலோடயா 95ஓடயா? இன்ஜெக்டரும் பம்பும் வந்தபடியா, மாத்தினதா? டியூன் செஞ்சதா? காத்து-எண்ணெய் விகிதம் காட்டுற வைட்பேண்ட் மீற்றர் இருக்கா? லைட்டுக்கு ஸ்கேனர்ல என்ன பிழைக் கோட்?

சாய்ந்தமருது_நானா | 9.26
இது நூத்துக்கு நூறு பில்டர். எவோ 7 எண்டா 2001, 2002 வாகனம். அந்த டாங்கிக்குள்ள இருபது வருசத்துப் பிசின் படிஞ்சு கிடக்கும். பெற்றோல் அதத் தொடாது, எதனோல் கரைச்சுக் கழுவி எடுத்துத்து வரும். அவ்வளவும் முதல்ல பம்புக்கடி வலையில, பிறகு பில்டர்ல அடைக்கும். ஐடில்ல விளங்காது, பூஸ்ட்ல (டேர்போ காத்த அமுக்கித் தள்ளக்குள்ள) எண்ணெய் பத்தாம விக்கும். பில்டர மாத்துங்க, ரெண்டு டாங்கி ஓடினாப் பிறகு இன்னொருக்கா மாத்துங்க.

ஏறாவூர்_பாஸ் | 9.31
பில்டர் இல்ல நானா, பிளக். எவோவுக்கு நாலு சிலிண்டருக்கும் ரெண்டு இக்னிஷன் கொயில்தான். பூஸ்ட்ல பொறி அணையிறது வழமை. பிளக் இடைவெளி 0.8 மில்லிமீற்றர் இருந்தா 0.6க்கு இறக்குங்க.

ஒக்டேன்_வாத்தியார் | 9.44
இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமையில்லை. கணக்கு ஒன்றுதான். பெற்றோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று, எதனோல் ஒரு கிலோ எரிய 9 கிலோ காற்று. ஈ30 (30 வீத எதனோல்) கலவைக்கு ஏறத்தாழ 12.9. அதாவது அதே காற்றுக்கு லீட்டர் அளவில் 12 வீதம் கூடுதல் எரிபொருள் பாய வேண்டும். ஐடிலிலும் மிதமான ஓட்டத்திலும் எஞ்சின் கணினியான ஈசியூ ஒட்சிசன் சென்சரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். பூஸ்டில் அது சென்சரைப் பார்ப்பதில்லை, எழுதிவைத்த எரிபொருள் அட்டவணையான மெப்பின்படியே தெளிக்கும். லம்டா (எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்ட காற்றளவு; 1க்குக் கீழ் என்றால் எரிபொருள் கூடுதல்) 0.80 இல் ஓட வேண்டியது 0.89 இல் ஓடும். மெப்பை டியூன் செய்யாமல் டாங்கியில் ஸ்பிரிட் ஊற்றுவது எஞ்சின் வைத்திருப்பவர் செய்யும் வேலையல்ல.

அக்கரைப்பற்று_ரியூனர் | 9.58
சேர், கணக்கு சரி. ஆனா இந்த வாகனம் நிண்டதுக்கு அது காரணமில்ல. ஜப்பான் ஸ்டொக் மெப் பூஸ்ட்ல நல்ல ரிச்சா (எண்ணெய் கூட) ஓடும், காத்து-எண்ணெய் விகிதம் பெற்றோல் மீற்றர்ல 11 சொச்சம், லம்டா 0.75. அத 12 வீதம் லீன் (எண்ணெய் குறைய) ஆக்கினா 0.84 கிட்ட வரும். அது பவர் கூடுற பக்கம். அதோட எதனோல் ஆவியாகக்குள்ள பெற்றோல விட ரெண்டு மடங்குக்கு மேல வெப்பத்த இழுக்கும், உள்ள போற காத்து குளிரும், நொக் (எரிபொருள் தன்பாட்டுல வெடிக்கிறது) குறையும், ஈசியூ பொறி டைமிங்கப் பின்னுக்கு இழுக்காது. முந்தநாள் நல்லா இழுத்தது அதாலதான்.

கேள்வி, முந்தநாளுக்கும் இண்டைக்கும் இடையில என்ன நடந்த எண்டதுதான். தம்பி, கல்லடிக்காரன் கேட்டதுக்கு முதல்ல பதில் போடுங்க.

மட்டு_எவோ7 | 10.05
ஸ்டொக் இன்ஜெக்டர் 560. பம்ப் வால்ப்ரோ 255. டியூன் இல்ல, வைட்பேண்ட் இல்ல. வீட்ட ஸ்கேனர் கிடக்கு, ஆனா எவோவோட பேசுதில்ல. எதனோல் சுத்தமானது, 95 வீதம், லேப் சாமான் விக்கிற இடத்துல எடுத்த. 92 பெற்றோல் 21 லீட்டர், எதனோல் 9 லீட்டர்.

கிரான்_இரசாயனம் | 10.17
அண்ணா, 95 வீதம் எண்டா மிச்சம் 5 வீதம் தண்ணி. 9 லீட்டர்ல 450 மில்லி தண்ணிய டாங்கிக்குள்ள நீங்களே ஊத்தியிருக்கிறீங்க.

பெற்றோலும் தண்ணியும் சேராது. எதனோல் ரெண்டோடயும் சேரும், அதாலதான் கலவை தெளிவா நிக்குது. ஆனா அது பிடிச்சு வச்சிருக்கிற தண்ணிக்கு அளவு இருக்கு. ஈ10 அரை வீதம் கிட்டத்தான் தாங்கும். எதனோல் கூடக் கூட தாங்குற அளவும் கூடும். உங்கட முதல் கலவையில தண்ணி ஒண்டரை வீதம், ஈ30 கிட்ட இருந்ததால விளிம்புல தாங்கி நிண்டிருக்கும்.

பிறகு மேலால வேற பெற்றோல் அடிச்சீங்களா?

மட்டு_எவோ7 | 10.21
ஓம், நேத்துப் பின்னேரம் 92 பெற்றோல் 15 லீட்டர். அதுக்கும் இதுக்கும் என்ன?

கிரான்_இரசாயனம் | 10.34
அதுதான் அண்ணா பிழைச்ச இடம். டாங்கியில அப்ப 18 லீட்டர் மட்டுல இருந்திருந்தா, 15 அடிச்ச உடன எதனோல் 15 வீதம் சொச்சத்துக்கு இறங்கும். தண்ணியும் 0.8 வீதத்துக்கு இறங்கும்தான், ஆனா தாங்குற அளவு அத விட வேகமா இறங்கிடும். பழைய டாங்கியில முதலே கொஞ்சம் தண்ணி கிடந்திருந்தா எல்லை தாண்டினது நிச்சயம். இரவு அசையாம நிண்டதுல ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். மேல பெற்றோல், அடியில தண்ணியும் எதனோலும். பம்ப் உறிஞ்சுறது அடியிலதான்.

இன்னொண்டு. எதனோல் எண்டா காலம ஸ்டார்ட் ஆகாது எண்டு படிச்சிருப்பீங்க. அது குளிர் நாட்டுல ஈ85க்கு. மட்டக்களப்புக் காலம வெக்கைக்கு ஈ30 அப்படி மறுக்காது.

சாய்ந்தமருது_நானா | 10.40
தங்கச்சி சொல்றது சரியா இருக்கலாம். ஆனா பில்டரும்தான்.

வாவிக்கரை_சிவிக் | 10.46
இதெல்லாம் தேவையா? 92க்குப் 10 வீதம் எதனோல் போட்டா 95 வந்துத்து. தமிழ்நாட்டுல முழு நாடும் ஈ20 ஓடுது, ஒருத்தனும் நடுறோட்டுல நிக்கல்லையே. பவரும் கூடுது, லீட்டருக்கு ஓடுற தூரமும் கூடுது.

ஒக்டேன்_வாத்தியார் | 10.58
முதலாவது, தமிழ்நாடு நாடல்ல. இரண்டாவது, அங்கே கலப்பது நீர் நீக்கிய எதனோல், 99 வீதத்துக்கு மேல். மூன்றாவது, தூரம் கூடாது. ஒரு லீட்டர் பெற்றோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல், எதனோலில் 21. ஈ20க்கு ஆறேழு வீதச் சக்தி குறைவு. இந்திய அரசின் நிதி ஆயோக் 2021 அறிக்கையே, வெறும் பெற்றோலுக்கு வடிவமைத்து ஈ10க்கு ஒழுங்குபடுத்திய கார்களில் ஈ20 ஊற்றினால் எரிபொருள் சிக்கனத்தில் 6 முதல் 7 வீதம் இழப்பு என்கிறது. ஆக்டேன் என்பது நொக்கைத் தாங்கும் அளவு, சக்தியின் அளவு அல்ல.

வாவிக்கரை_சிவிக் | 11.03
பிறகேன் அமெரிக்க இண்டிகார் ரேஸ்ல எதனோல்ல ஓடுறாங்க?

அக்கரைப்பற்று_ரியூனர் | 11.12
கொம்ப்ரஷனும் பூஸ்டும் டைமிங்கும் அதுக்கெண்டே கட்டின எஞ்சின் அது. 2007ல முழு எதனோல், 2012ல ஈ85. அங்க லீட்டரக் கணக்குப் பாக்கிறதும் இல்ல. ஸ்டொக் டைமிங்கோட சிவிக்ல 10 வீதம் ஊத்தினா கையில வாறது டாங்கி கெதியாக் காலியாகுறது மட்டும்தான்.

அம்பாறை_கரும்பு | 11.20
ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலை நம்மட மாவட்டத்துலயே இருக்கு. மொலாசஸ்ல வடிக்கிற எதனோல பெற்றோலோட கலந்தா டொலர் மிச்சம். பிரேசில் 2025ல ஈ30க்கே போயிட்டுது.

கிரான்_இரசாயனம் | 11.29
வடிச்சு எடுக்கிறதுக்கு ஒரு எல்லை இருக்கு. 96 வீதம் கிட்டப் போனதும் எதனோலும் தண்ணியும் ஒண்டாவே ஆவியாகும், எத்தனை தரம் காய்ச்சினாலும் பிரியாது. மிச்சத்த எடுக்க மூலக்கூற்றுச் சல்லடை வேணும். தண்ணி மூலக்கூறு உள்ள போற, எதனோல் போகேலாத துளையுள்ள சியோலைட்டு. அந்தக் கட்டம் தாண்டினதுதான் எரிபொருள். அதுக்கு முந்தினது சாராயத்துக்கும் லேபுக்கும்.

ஆராவது வீட்ட காய்ச்சிப் பாக்க நினைச்சா வேணாம். 13 பாகைக்கு மேலயே ஆவி தீப்பிடிக்கும், பகல்ல சுவாலையும் கண்ணுக்கு லேசில தெரியாது.

ஒக்டேன்_வாத்தியார் | 11.33
செறிவான ஸ்பிரிட்டை அனுமதியில்லாமல் கான் கணக்கில் வைத்திருந்தால் மதுவரித் திணைக்களத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்பாறை_கரும்பு | 11.36
சேருக்கு எல்லாம் குற்றம்தான்.

கல்லடிக்காரன் | 11.41
கரும்ப விடுங்க, தம்பியின்ர வாகனத்தப் பாப்பம். இனிச் செல்ஃப் அடிக்க வேணாம். நாளைக்குக் காலம வெளியில, காத்தோட்டமான இடத்துல செய்யுங்க.

பேட்டரி மைனஸ் கழட்டுங்க. பின் சீட்டுக்குக் கீழ மூடி இருக்கு, பம்ப் அதுக்குள்ள. கைப்பம்பால டாங்கி அடியில இருந்து ஒரு லீட்டர் தெளிவான கண்ணாடிப் போத்தல்ல எடுத்து, அரை மணித்தியாலம் ஆட்டாம வையுங்க. ரெண்டு தட்டாப் பிரிஞ்சு இடையில கோடு விழுந்தா தங்கச்சி சொன்னதுதான். கோடு தெரியாட்டி கேக்குக்குப் போடுற தண்ணிக் கலரிங் ஒரு சொட்டு விடுங்க. பெற்றோல்ல கலர் கரையாது, அடித்தட்டுல மட்டும் ஏறும்.

பிரிஞ்சிருந்தா முழுசா இறக்குங்க. மேல் தட்டையும் திருப்பி ஊத்த வேணாம். அதில இருந்த எதனோல்ல ஒரு பங்கு கீழ போயிட்டுது, மிஞ்சினதுக்கு ஒக்டேன் குறைஞ்சிருக்கும். அதில எவோவுக்குப் பூஸ்ட் குடுத்தா நொக் அடிக்கும். டாங்கியத் துடைச்சு, வலையையும் பில்டரையும் மாத்தி (நானா சொன்னது இதுல சரி), 95 பெற்றோல் 10 லீட்டர் விட்டு, பில்டருக்குப் பிறகு வாற குழாயக் கழட்டி அரை லீட்டர் கானுக்குள்ள தள்ளிப்போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. இறக்கினத வாவிப் பக்கம் ஊத்திடாதீங்க.

ஓடினாப் பிறகு எரிபொருள் பிரஷர் பாக்கணும். ரெகுலேற்றரின் வக்கூம் ஹோஸ் கழட்டின ஐடில்ல 3 பார். ஹோஸத் திரும்ப மாட்டினாப் பிறகு, பூஸ்ட் ஒரு பார் ஏறினா இதுவும் ஒரு பார் ஏறணும். ஏறாட்டி பம்பையும் ரெகுலேற்றரையும் பாருங்க.

அக்கரைப்பற்று_ரியூனர் | 11.55
ரெண்டு விசயம் சேக்கிறேன். வால்ப்ரோ 255 எதனோலுக்கெண்டு செஞ்ச பம்ப் இல்ல. அதே கொம்பனி எதனோலுக்கெண்டே 450 விடுது. டாங்கிக்குள்ள கிடக்கிற துண்டு ஹோஸும் அமிழ்ந்து கிடக்கத் தகுந்தது வேணும், ஜே30ஆர்10 எண்டு எழுதியிருக்கும். சாதா ஹோஸ் ஊதிப் பிளந்தா பிரஷர் டாங்கிக்குள்ளயே கொட்டும், வெளியில ஒண்டும் தெரியாது. பழைய நைற்றில் ரப்பர் ஓரிங்க விட்டன் ரப்பர் ஆக்குங்க.

ஃபிளெக்ஸ் சென்சர் (எண்ணெயில எதனோல் வீதம் அளக்கிறது) போடுறவங்க கவனிக்க: சுத்தப் பெற்றோலுக்கு 50 ஹேர்ட்ஸ், சுத்த எதனோலுக்கு 150. தண்ணி கலந்தா அத எதனோல் கூட எண்டுதான் காட்டும். ஈசியூ அத நம்பி டைமிங்க முன்னுக்குத் தள்ளும். சென்சர் இருக்கு எண்டு ஈர எதனோல் ஊத்தக் கூடாது.

கலவையில எவ்வளவு எதனோல் எண்டு பாக்க 100 மில்லி அளவுக் குழாய் போதும். 10 மில்லி தண்ணி, 100 கோடு மட்டும் எரிபொருள், மூடிக் குலுக்கி, மூடியத் தளர்த்தி ஆவி விட்டு, பத்து நிமிசம் வையுங்க. அடித்தட்டு 24ல நிண்டா 14 மில்லி எதனோல், 90க்குப் 14 எண்டா பதினஞ்சரை வீதம்.

செக் எஞ்சின் லைட்டின்ர பிழைக் கோட் எடுக்கச் சாதாரண ஸ்கேனர் சரிவராது. ஈவோஸ்கேன் மென்பொருளும் டாக்ட்ரிக்ஸ் கேபிளும் வேணும்.

ஏறாவூர்_பாஸ் | காலை 6.50
பிளக் இடைவெளியையும் பாருங்க.

மட்டு_எவோ7 | பி.ப. 4.38
இறக்கினோம். கோடு விழுந்தது. அடியில 2 லீட்டர் கிட்டக் கலங்கல், பில்டர் கறுப்பு. 95 விட்டதும் உடனே பிடிச்சுது. லைட் இன்னும் எரியுது. பூஸ்ட் குடுத்துப் பாக்கல்ல. நன்றி எல்லாருக்கும்.

சாய்ந்தமருது_நானா | 4.45
பில்டர் கறுப்பு. சொன்னேனே!

கல்லடிக்காரன் | 5.02
பூஸ்ட் குடுக்க முதல் நாலு பிளக்கையும் கழட்டி வெள்ளைப் பீங்கானப் பாருங்க. மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புப் பொட்டோ மினுங்குற அலுமினியப் பொட்டோ இருந்தா நேத்து நொக் அடிச்சிருக்கு. இருந்தா எஞ்சின் சூட்டோட, பம்ப் வயரையும் கொயில் வயரையும் கழட்டி, நாலு பிளக்கும் வெளியில, துரொட்டில் முழுசாத் திறந்து கொம்ப்ரஷன் எடுங்க. சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு பாருக்கு மேல வித்தியாசம் வந்தா அதோட நிப்பாட்டுங்க. பிளக்க நாலு பக்கமும் படம் எடுத்துப் போடுங்க.

ஒக்டேன்_வாத்தியார் | 5.20
சிலிண்டர் இலக்கமிட்டு, வெளிச்சத்தில்.

கல்லடிக்காரன் | மறுநாள் காலை 8.15
தம்பி, பிளக் பாத்தீங்களா?