புது டிஸ்க் போட்டும் பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் உதறுது: மாத்தணுமா, வேற காரணமா?

மூன்றாம்கியர் கேட்டது:

முன்பக்க பிரேக் டிஸ்க் இரண்டும் புதுசு, அதை அழுத்திப் பிடிக்கிற பேடும் புதுசு. மாட்டி 7,000 கி.மீ. ஓடியிருக்கு. முதல் 4,000 வரைக்கும் எந்தக் குறையும் இல்லை. இப்போ 90-100ல போகும்போது லேசா பிரேக் தொட்டாலே ஸ்டீயரிங் இடமும் வலமுமா உதறுது, பெடலும் காலை மெல்லத் தள்ளுது. 50க்குக் கீழ இறங்கிட்டா அடங்கிடுது. பிரேக் தொடாம ஓட்டினா எந்த வேகத்திலயும் நடுக்கமே இல்லை. வீல் பேலன்சிங் பார்த்தாச்சு.

இதுக்கு முன்னாடி இருந்த டிஸ்க்கும் 15,000க்குள்ள இப்படித்தான் ஆச்சு. மெக்கானிக் "டிஸ்க் பெண்டு, மாத்திடலாம்"ங்கிறார். ஒவ்வொரு தடவையும் டிஸ்க்தான் பெண்டாகுதா? வென்டிலேட்டட் டிஸ்க் (நடுவுல காற்றுப் பாதை உள்ளது), 4 போல்ட் ஹப் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டுற நடுப்பகுதி), புதுசுல கனம் 22 மி.மீ., டிஸ்க் ஓரத்துல குறைந்தபட்சம் 20 மி.மீ.னு அடிச்சிருக்கு.

டயல்கேஜ்:

"4,000 வரைக்கும் எந்தக் குறையும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. டிஸ்க் உண்மையிலேயே வளைந்திருந்தால் மாட்டிய அன்றே தெரிந்திருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பிறகு மெல்ல மெல்ல வருவது கன வேறுபாடு. அதாவது டிஸ்க்கின் ஒரு பகுதி கனமாகவும் இன்னொரு பகுதி மெலிந்தும் போயிருக்கிறது. 0.015 முதல் 0.02 மி.மீ. வித்தியாசமே ஸ்டீயரிங்கில் தெரியும். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை.

அது உருவாகும் விதம் இது. டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் ஆடினால், பிரேக் பிடிக்காத நேரத்திலும் சுற்றுக்கு ஒருமுறை மேடான இடம் பேடை உரசும். பெடலை விட்டதும், பேடைத் தள்ளும் பிஸ்டனின் ரப்பர் சீல் அதை மிகச் சிறிதளவே பின்னுக்கு இழுக்கிறது, ஒதுங்க இடம் கிடையாது. டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால் 7,000 கி.மீ.க்கு ஏறத்தாழ 37 லட்சம் சுற்று. அத்தனை முறையும் அதே இடம் உரசுகிறது. உட்பக்கம் ஓரிடத்தில் தேய்ந்தால் வெளிப்பக்கம் அதற்கு நேரெதிரே தேயும். பேடின் வகையைப் பொறுத்து தேய்வதற்குப் பதில் பேட் பொருள் அங்கே திட்டாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. முடிவு ஒன்றுதான்.

வெறும் ஆட்டம் மட்டும் இருந்தால் மிதக்கும் காலிப்பர் (பேடையும் பிஸ்டனையும் தாங்கும் பிடி) டிஸ்க்கோடு சேர்ந்து பக்கவாட்டில் நகர்ந்துகொள்ளும், பெரிதாக எதுவும் தெரியாது. கனம் மாறினால்தான் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு, ஆயில் வழியாக அந்தத் துடிப்பு பெடலுக்கு வரும். உங்கள் பெடல் தள்ளுகிறதென்றால் கன வேறுபாடு வந்தாயிற்று. 100ல் சக்கரம் நொடிக்கு 14-15 முறை சுற்றுகிறது. ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் எதிரொலிக்கும் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் அது விழுகிறது. 50ல் அது பாதியாகிவிடுவதால் அடங்கிவிடுகிறது.

ஆகவே ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எத்தனை டிஸ்க் மாற்றினாலும் இதே நிலைதான். முதல் சந்தேகம் ஹப் முகத்தில் உள்ள துரு. ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மாட்டிய 0.03 மி.மீ. துரு, டிஸ்க்கின் வெளி ஓரத்தில் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும், ஏனென்றால் டிஸ்க்கின் விட்டம் ஹப்பைப் போல இரு மடங்கு. பழைய டிஸ்க்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்றிவிட்டு, ஹப்பைத் துடைக்காமலே புதியதை மாட்டுவதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கிறது.

ஸ்பேனர்17:

மேல சொன்னது சரி. ஆனா டிஸ்க் வார்ப்பையும் கொஞ்சம் கவனிங்க. மலிவான வென்டிலேட்டட் டிஸ்க்ல உள்ள காற்றுப் பாதைக்கான அச்சு நகர்ந்திருந்தா ஒரு பக்கத் தட்டு தடியாவும் மறுபக்கம் மெலிசாவும் வந்துடும். ரெண்டும் ஒரே மாதிரி சூடேறாது. கழட்டும்போது ஓரத்தை நாலு இடத்துல பார்த்தாலே தெரியும்.

அப்புறம் நீளமா பள்ளத்துல இறங்கி வந்த கையோட தண்ணி பீய்ச்சிக் கழுவுறது. அதுலயும் டிஸ்க் கோணிப்போகும்.

டயல்கேஜ்:

கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் அடித்தால் விரிசல்கூட விழலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோளாறு அன்றைக்கே தெரியும், 4,000 கி.மீ. காத்திருக்காது. மழையில் ஓட்டுவதால் டிஸ்க் கெடும் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

சூட்டினால் வரும் வேறொரு கெடுதல்தான் மோசமானது. 650-700 டிகிரியைத் தாண்டினால் டிஸ்க்கின் வார்ப்பிரும்பு அங்கங்கே சிமென்டைட் என்ற கடினமான திட்டாக மாறிவிடும். நீலம் பாய்ந்த புள்ளிகளாகக் கண்ணில் படும். லேத்தில் சீவினாலும் அந்தத் திட்டு ஆழத்தில் இருக்கும், சுற்றியுள்ளது தேயத் தேய மறுபடி மேடாகிவிடும். அப்படி இருந்தால் மட்டும் டிஸ்க்கை யோசிக்காமல் தூக்கிப் போடலாம்.

ஸ்லைடுபின்:

டிஸ்க்கை மட்டும் பேசிட்டிருந்தா பாதி வேலைதான் ஆகும். பேடைக் கழட்டி உள் பேட், வெளி பேட் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

வெளி பேட் தடியா இருந்து உள் பேட் மட்டும் தேஞ்சிருந்தா ஸ்லைடு பின் (காலிப்பர் பக்கவாட்டுல நகர்றதுக்கான கம்பி) இறுகியிருக்கு. பேட் ஒரு முனையில ஆப்பு மாதிரி சரிஞ்சு தேஞ்சிருந்தாலும் பின்னைத்தான் முதல்ல பாக்கணும், அப்புறம் பேட் உட்காரும் கிளிப்புக்கு அடியில சேர்ந்த துரு. பின்னைக் கழட்டி, துடைச்சு, சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவுங்க. சாதாரண பேரிங் கிரீஸ் கூடவே கூடாது, ரப்பர் பூட் உப்பி பின்னை இன்னும் இறுக்கிடும். சில காலிப்பர்ல ஒரு பின்ல மட்டும் ரப்பர் புஷ் இருக்கும், மேல கீழ மாத்திப் போட்டுடாதீங்க.

ரெண்டு பேடும் சமமா, ஆனா ஒரு சக்கரத்துல மட்டும் வேகமா தேஞ்சிருந்தா? காரை ஜாக்ல தூக்கி, பிரேக்கை அமுக்கி விட்டுட்டு சக்கரத்தைக் கையால சுத்துங்க. இறுக்கமா இருந்தா காலிப்பர்ல ஆயிலை வெளிய விடுற பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறங்க. ஆயில் பீய்ச்சி சக்கரம் விடுபட்டா பிரஷர் திரும்பாம சிக்கியிருக்கு, பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள அடைச்சிருக்கும். திறந்தும் விடுபடலைன்னா பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கு. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், பிஸ்டன் துருப்பிடிக்கிறது அதனாலதான். டாட் 4 ஆயிலை 2 வருஷத்துக்கு ஒருதரம் மாத்துங்க.

மூன்றாம்கியர்:

நன்றி சார். ஆட்டம் அளக்க டயல் கேஜ், கனம் அளக்க மைக்ரோமீட்டர் ரெண்டும் வெச்சுப் பார்த்தாச்சு. வீல் நட் நாலையும் வாஷர் போட்டு இறுக்கி, டிஸ்க் ஓரத்துலேர்ந்து 10 மி.மீ. உள்ளே வெச்சு எடுத்த அளவு (எல்லாம் மி.மீ.):

வலது: ஆட்டம் 0.04, கன வேறுபாடு 0.01.
இடது: ஆட்டம் 0.11, கன வேறுபாடு 0.03. கனம் எட்டு இடத்துல பார்த்ததுல குறைஞ்சது 21.6.

இடது ஹப் முகத்துல துரு அடையா இருந்தது. சுரண்டி எடுத்துட்டு மாட்டினா ஆட்டம் 0.07. வீல் பேரிங்ல ஆட்டம் இல்லை. பேட் ரெண்டும் சமமா தேஞ்சிருக்கு, பின் இழுவையா வருது. நீலப் புள்ளி எதுவும் இல்லை. டிஸ்க்கை ரெண்டு ஓட்டை தள்ளிப் போட்டா 0.03 வருது. இப்படியே விட்டுடலாமா?

டயல்கேஜ்:

அருமையான அளவு, கோளாறு பிடிபட்டுவிட்டது. துரு போக மீதி 0.07, பாதிச் சுற்று தள்ளினால் 0.03. அப்படியென்றால் டிஸ்க்கிலும் கொஞ்சம், ஹப்பிலும் கொஞ்சம். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தபோது கூடியது, எதிரெதிரே வைத்ததும் கழிந்தது. கணக்குப்படி ஒன்றில் 0.05, மற்றதில் 0.02. எது எதில் என்று அறிய மேடான இடத்தை ஹப்பிலும் டிஸ்க்கிலும் சாக்பீஸால் குறியுங்கள். டிஸ்க்கைத் தள்ளியபோது மேடு டிஸ்க்கோடு நகர்ந்தால் பெரிய பங்கு டிஸ்க்குடையது. ஹப்போடு நின்றால் ஹப்புடையது. உங்களுக்கு இரண்டாவது டிஸ்க்கும் இப்படி ஆனதால் ஹப் மீதுதான் என் சந்தேகம்.

ஆட்டம் 0.03 ஆகி, 0.05 என்ற வரம்புக்குள் வந்துவிட்டதால் அது பிரச்சினை இல்லை. ஆனால் 0.03 கன வேறுபாடு அப்படியே இருக்கிறதே, அது தானாகப் போகாது. 21.6 இருப்பதால் தாராளமாகச் சீவலாம், பக்கத்துக்கு 0.1 மி.மீ. போதும். காரிலேயே ஹப்போடு வைத்துச் சீவும் லேத் கிடைத்தால் அதுவே மேல், ஹப்பின் கோணலும் சேர்ந்து சரியாகிவிடும். பிறகு டிஸ்க்கை ஹப்பில் இடம் மாற்றக் கூடாது, ஒரு குறி போட்டு வையுங்கள். கழற்றிக் கொண்டுபோய்ச் சீவினால் இப்போது கண்டுபிடித்த ஓட்டைக் கணக்கு செல்லாது. சீவி வந்த பின் நான்கு நிலையிலும் திரும்ப அளந்து, குறைந்த ஆட்டம் வரும் நிலையில் மாட்டுங்கள்.

மாட்டும்போது வீல் நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்க விடாதீர்கள். குறுக்காக, முதலில் பாதி டார்க் (முறுக்கு விசை), அடுத்து முழு டார்க். சிறிய கார்களுக்குப் பொதுவாக 90-120 நியூட்டன் மீட்டர். உங்கள் காரின் கையேட்டில் சரியான எண் இருக்கும். ஒரு நட் அளவுக்கு மீறி இறுகினால் நல்ல டிஸ்க்கும் ஆடும். ஹப் முகத்தில் கிரீஸை அப்ப வேண்டாம்.

ஸ்லைடுபின்:

பின் இழுவையா வருதுன்னு சொன்னதை விட்டுடாதீங்க, பேட் சமமா தேஞ்சிருந்தாலும் இப்பவே துடைச்சு கிரீஸ் போட்டுடுங்க. பழைய பேடையே போடறதா இருந்தா சமதளத்துல 80-120 நம்பர் எமரித் தாளை விரிச்சு, பளபளப்பு போற வரைக்கும் தேயுங்க. தூசியை ஊதாதீங்க, மாஸ்க் போட்டு ஈரத்துணியால துடைங்க. டிஸ்க்கை பிரேக் கிளீனரால துடைச்ச பிறகுதான் பேட் ஏறணும். மாட்டினதும் பெடலை நாலஞ்சு தடவை அமுக்கி பிரஷர் ஏறின பிறகு வண்டியை எடுங்க.

முதல் ஓட்டத்துல, காலியான ரோட்டுல 60லேர்ந்து 15க்கு நடுத்தரமா பிரேக் பிடிச்சு இறக்குங்க, முழுசா நிறுத்தாதீங்க. நடுவுல அரை நிமிஷம் ஓட விட்டு 8-10 தரம். கடைசியில 10 நிமிஷம் பிரேக்கே தொடாம ஓட்டி ஆறவிடுங்க. சூடா இருக்கும்போது நின்னு பெடலை அமுக்கிக்கிட்டே இருந்தா பேடோட அச்சு அந்த இடத்துலயே பதிஞ்சுடும். சிக்னல்ல நிக்க வேண்டி வந்தா, சமதளமா இருந்தா முன்னாடி கொஞ்சம் இடம் விட்டு நின்னு, மெதுவா ஒரு அடி நகர்த்திக்கோங்க.