தடித்த ஷூ: ஏரிக்கரையில் சுகம், ஏற்காடு இறக்கத்தில் நகம் கறுக்கிறது

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
வணக்கம். வெள்ளிப் பட்டறையில் வேலை. பகல் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பற்றவைக்கிற ஆள். காலையில் ஓடினால்தான் அன்றைக்கு முட்டி ஒழுங்காக மடங்கும். வயது 44, எடை 83 கிலோ. நான்கு மாதத்துக்கு முன் அடி தடித்த ஷூ ஒன்று வாங்கினேன். குதிகாலுக்குக் கீழே 39 மில்லிமீட்டர், முன்பக்கம் 34. "படிக்கட்டைக் கட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

சேலத்தில் மூக்கனேரிப் பக்கம் எட்டு கிலோமீட்டர் ஓடினாலும் முட்டி வலி இல்லை. அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சிக்கல் ஞாயிற்றுக்கிழமைதான். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஏற்காடு ரோட்டில் ஐந்தாவது கொண்டை ஊசி வரை ஏறுவேன். இறங்கும்போது பாதம் முன்னால் வழுக்கிப் போய் முட்டுகிறது. இடது கட்டைவிரல் நகம் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. வளைவில் சாய்வாகக் கால் வைத்தால் கணுக்கால் வேறு ஆடுகிறது.

கடைப் பையன் முன்பக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்து "கரெக்டா இருக்கு சார்" என்றான். அளவு 8. ஒன்பது போட்டால் குதிகால் கழன்று வருகிறது. செருப்பிலேயே வளர்ந்த கால், முன்னால் விசிறி மாதிரி விரியும். பழையபடி மெல்லிய ஷூவுக்கே போய்விடவா?

கன்னங்குறிச்சி விடியல்:
அண்ணே, அந்த மெத்தையைக் கழற்றி வீசுங்க. என் பழைய ஷூவுக்கு இருபது மில்லிகூட இருக்காது, எனக்கு நகமெல்லாம் பத்திரம்.

மலைப்பாதை:
வீச வேண்டாம். 2009-ல் பிரான்சில் ஹோகா என்ற ஷூ நிறுவனத்தைத் தொடங்கிய இருவரும் மலை இறக்கத்தில் வேகமாக ஓடுவதற்கென்றேதான் இந்தத் தடித்த அடியைக் கொண்டுவந்தார்கள். நகத்தைக் கெடுப்பது உயரம் இல்லை, கால் உள்ளே நிற்காததுதான்.

உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு, மேலே ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் வெளியே வழிந்தால் குறை அகலத்தில். எட்டிலேயே 2ஈ அகலம், அதாவது அகலக் காலுக்கான அளவு, கேளுங்கள். சாயங்காலம், கால் வீங்கியிருக்கும்போது போய்ப் போட்டுப் பாருங்கள்.

அதுவரைக்கும் கணுக்கால் பக்கம் சும்மா கிடக்கும் கடைசி ஓட்டையைப் பயன்படுத்துங்கள். லேஸை அதே பக்கத்து ஓட்டையில் நுழைத்து இரண்டு பக்கமும் சின்ன வளையம் விடுங்கள். இந்தப் பக்க நுனியை அந்தப் பக்க வளையத்துக்குள் விட்டு, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போட்டால் குதிகால் பின்னால் போய் உட்காரும். சனிக்கிழமை ராத்திரியே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

கணுக்கால் ஆடுவது மட்டும் உயரத்தால்தான். வளைவில் நடந்து இறங்குங்கள், பஸ்ஸும் வரும் இடம்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
இன்சோல் மேல் நின்றேன். இரண்டு சுண்டுவிரலும் வெளியே, திண்ணையில் உட்கார்ந்த மாதிரி! லேஸும் கட்டிப் பார்த்தேன். நாள் முழுக்க வளையம் கோக்கிற எனக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டியிருந்தது பாருங்கள். இந்த ஞாயிறு இறங்கும்போது கட்டைவிரல் முட்டவில்லை. சுண்டுவிரல் எரிச்சல் அப்படியேதான் இருக்கிறது. 2ஈ அகலம் இங்கே இரண்டு கடையில் கேட்டேன், இல்லை. சேலத்தில் எங்காவது பார்த்தவர்கள் சொல்லுங்கள், போட்டுப் பார்க்காமல் ஆன்லைனில் வாங்க மனசு வரவில்லை.